காற்று குறைந்த ஏசி

ஏசி சரியாகக் குளிர்விக்கவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'கேஸ்'. "கேஸ் இறங்கிப்போச்சு போல, ஃபில் பண்ணிடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், பல நேரம் வருகிற மெக்கானிக்கும் அதையே சொல்வார். அதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் இன்டோர் யூனிட்டுக்கு எதிரே ஒருமுறை கையை நீட்டிப் பாருங்கள். காற்று சில்லென்று இருக்கிறது, ஆனால் வேகமில்லை, கட்டில்வரைகூட வந்து சேரவில்லை என்றால், கோளாறு கேஸில் இருக்க வாய்ப்புக் குறைவு. காற்று போய்வரும் வழியை ஏதோ ஒன்று மறிக்கிறது. ஃபில்டரைக் கழுவினால் தீர்ந்திருக்கக்கூடிய குறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து கேஸ் ஏற்றிவிட்டு, அடுத்த வாரமும் அதே புழுக்கத்தில் படுக்கும் குடும்பங்கள் உண்டு. காற்றின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம்.

கேஸைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு எரிந்தோ செலவாகியோ தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கசிவு இல்லாத ஏசியில் பத்து ஆண்டு கழித்தும் அதே அளவு இருக்கும். வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் அதற்குப் பராமரிப்பு என்று பெயர் சொல்ல முடியாது. எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தேடவில்லை.

ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகிறது. இந்தப் பயணம் இரண்டு கட்டமாக நடக்கிறது. சுவர், கூரை, ஜன்னல், உடல், விளக்கு என்று எல்லாவற்றிலிருந்தும் வந்து சேரும் வெப்பத்தை அறையின் காற்று ஏந்திக்கொண்டு இன்டோர் யூனிட்டுக்குள் போகிறது. அங்கே ஐந்து முதல் பத்து டிகிரியில் குளிர்ந்திருக்கும் கூலிங் காயிலிடம் அதை ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறது. இது முதல் கட்டம். காயிலுக்குள் ஓடும் கேஸ் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு மாடியிலோ பால்கனியிலோ இருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குப் போய் வெளிக்காற்றில் விடுகிறது. இது இரண்டாம் கட்டம். எல்லோருடைய கவனமும் கம்ப்ரசர், கேஸ் என்று இரண்டாம் கட்டத்திலேயே நிற்கிறது. முதல் கட்டத்தின் முழுச் சுமையும் காற்றின் தலையில். அந்தக் காற்று குறைந்தால், எவ்வளவு நல்ல கம்ப்ரசராக இருந்தாலும் எடுத்துப்போக அதனிடம் வெப்பம் வந்து சேராது.

எவ்வளவு காற்று தேவைப்படுகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் இது மனதில் பதியும். ஏசியை நாம் 'டன்' என்ற அளவில் வாங்குகிறோம். அது இயந்திரத்தின் எடை இல்லை. இயந்திரக் குளிர்பதனம் வருவதற்கு முன் உலகம் பனிக்கட்டியால்தான் குளிர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. பிரெடரிக் டியூடரின் அந்த வணிகத்துக்காக 1842-ல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான் இன்று மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி, ஒரு அமெரிக்க டன், அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிர்பதனம். இன்றைய அளவில் சுமார் 3.5 கிலோவாட்.

இந்த 3.5 கிலோவாட்டைக் காயிலுக்குக் கொண்டுசேர்க்க, ஒரு டன்னுக்கு மணிக்குச் சுமார் 680 கன மீட்டர் காற்று ஓட வேண்டும் என்பது குளிர்சாதனப் பொறியாளர்களின் நெடுநாள் கணக்கு. வீட்டு ஸ்பிளிட் ஏசிகள் இதையொட்டியோ சற்றுக் குறைவாகவோ காற்றைத் தள்ளும். 680 கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 780 கிலோ. காற்றுக்கு எடை இருப்பதே நமக்கு உறைப்பதில்லை. ஆனால் படுக்கையறைச் சுவரில் ஓசையில்லாமல் தொங்கும் அந்தப் பெட்டி ஒவ்வொரு மணி நேரமும் முக்கால் டன்னுக்கு மேல் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில், பத்தடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொண்டால், அறையின் மொத்தக் காற்றும் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை காயிலைத் தொட்டுவிட்டு வரும்.

அந்தக் காற்று உள்ளே போகும்போது இருந்த சூட்டைவிடப் பதினொரு டிகிரி குறைந்து வெளியே வருகிறது என்று வையுங்கள். அதில் சுமார் 2.4 கிலோவாட் கணக்காகிவிடும். மீதி எங்கே? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் காயிலில் பட்டு நீராகும்போது தன்னிடமிருந்த வெப்பத்தைக் காயிலிடம் கொட்டுகிறது. ஒரு லிட்டர் நீர் வடிய, முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை ஏசி அகற்ற வேண்டும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஒரு டன் ஏசி மணிக்கு ஒன்றரை லிட்டர் வடிப்பது அதிசயமில்லை. அந்த வேலையைத் தெர்மாமீட்டர் காட்டாது, ஆனால் உடம்பு உணரும். வியர்வை காய்வது அதனால்தான்.

ஏசி என்ற இயந்திரம் பிறந்ததே இந்த ஈரத்தை அடக்கத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகம். காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் வண்ணங்கள் இடம் தவறின. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை இறக்கினார். சுருளின் குளிர்ச்சியையும் காற்றின் ஓட்டத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கணக்கிட்டு வைத்ததுதான் அவருடைய சாதனை என்பது என் எண்ணம். குளிர்ந்த குழாய்கள் அதற்கு முன்பும் இருந்தன. குழாயையும் காற்றையும் சமன் செய்தபோதுதான் ஏசி உருவானது. அந்தச் சமன் குலைந்துபோவதைத்தான் நம் வீட்டில் 'காற்று வரவில்லை' என்று சொல்கிறோம்.

ஆக, ஈரத்தோடு போவதைத் தவிர்த்துப் பார்த்தால், ஏசி அகற்றும் வெப்பம் இரண்டு எண்களின் பெருக்கல். எவ்வளவு காற்று ஓடுகிறது என்பது ஒன்று. அந்தக் காற்று எத்தனை டிகிரி குறைகிறது என்பது மற்றொன்று. எந்த எண் குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் கோளாறில் பாதி பிடிபட்டுவிடும். இதற்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசியை 'கூல்' நிலையில், ஃபேன் வேகத்தை அதிகபட்சத்தில் வைத்து, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். யூனிட்டின் மேற்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு. கீழே காற்று வெளிவரும் வாயில் ஒரு அளவு. இரண்டுக்கும் வித்தியாசம் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரிவரை இருப்பது இயல்பு. நல்ல ஈரமான நாளில் இது கொஞ்சம் குறையலாம்.

காற்று பலமாக வருகிறது, வித்தியாசம் மூன்று நான்கு டிகிரிதான் என்றால், அப்போது கேஸைச் சந்தேகப்படுங்கள், கம்ப்ரசரைச் சந்தேகப்படுங்கள், அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். காற்று மெலிந்து வருகிறது, வித்தியாசம் மட்டும் பதினான்கு பதினைந்து டிகிரி என்றால் கேஸ் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. காயில் தேவைக்கு மேலேயே குளிர்ந்திருக்கிறது. மெதுவாகக் கடக்கும் காற்று அதிக நேரம் காயிலோடு இருந்து அதிகம் குளிர்கிறது. ஆனாலும் கணக்கு ஈடாவதில்லை. காற்று பாதியானால் வித்தியாசம் இரண்டு மடங்கு ஆகிவிடாது, ஏனென்றால் காற்று காயிலைவிடக் குளிர்ச்சியாக முடியாது. நஷ்டம் நஷ்டம்தான். வாயில் கை வைத்துப் பார்த்து "நல்லாத்தான் கூலிங் ஆகுது" என்று சொல்லிவிட்டுப் போகும் மெக்கானிக் பொய் சொல்வதில்லை. இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் பார்க்கிறார்.

ஏசியைக் கழற்றுவதற்கு முன் ரிமோட்டைக் கையில் எடுங்கள். பல வீடுகளில் குறை அங்கேயே முடிந்துவிடும். 'டிரை' என்று நீர்த்துளிப் படம் காட்டும் நிலையில் ஃபேன் வேண்டுமென்றே மெதுவாக ஓடும். ஈரத்தை அதிகம் இறக்குவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 'ஸ்லீப்' நிலையிலும் அப்படியே. ஃபேனை 'ஆட்டோ'வில் விட்டிருந்தால், குறித்த வெப்பநிலை நெருங்க நெருங்க இன்வெர்ட்டர் ஏசி காற்றைத் தானே குறைத்துக்கொள்ளும். மழை பெய்யும் இரவில் காற்று குறைவாக வருவதைப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை.

அடுத்தது ஃபில்டர். இதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் செய்பவர்கள் குறைவு. முன்பக்க மூடியைத் தூக்கினால் வலை போன்ற இரண்டு சட்டங்கள். ஏசி தொடர்ந்து ஓடும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, தூசி படியாத பின்பக்கத்திலிருந்து தண்ணீர் படும்படி கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். வெயிலில் வைத்தால் சட்டம் நெளியும். பிறகு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே போகும். வலைக்கு மேல் இன்னொரு மெல்லிய ஃபில்டர் துணியை வாங்கி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்ற அக்கறையில் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியில் இருக்கும் ஃபேன் அவ்வளவு தடையைத் தாண்டிக் காற்றை இழுக்கும் வலுவுள்ளது அல்ல. தூசி வடிகட்ட வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கருவி வாங்குவதே நல்லது.

ஃபில்டர் கழுவிய பிறகும் காற்று வரவில்லையென்றால் புளோயரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பிளிட் ஏசியின் காற்று வாய்க்குள் கிடையாகப் படுத்திருக்கும் நீண்ட உருளைதான் புளோயர். இரண்டரை மூன்றடி நீளம், ஒரு சாண்கூட இல்லாத விட்டம். சுற்றிலும் நீளவாக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மெல்லிய இதழ்கள். மேசை ஃபேனில் காற்று பின்னாலிருந்து முன்னால் வருகிறது. இதில் அப்படி இல்லை. காற்று உருளையின் ஒரு பக்கத்து இதழ்களுக்கு இடையே புகுந்து, உருளையின் உள்ளே குறுக்கே கடந்து, மறுபக்கத்து இதழ்களால் இன்னொருமுறை தள்ளப்பட்டு வெளியேறுகிறது. உள்ளே ஓரமாக உருவாகும் ஒரு சுழல்தான் காற்றை ஒரே திசையில் போகவைக்கிறது. பால் மோர்ட்டியே என்பவர் 1893-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நீளமாக, ஒல்லியாக, சத்தமில்லாமல் ஒரே சீரான காற்றுப் படலத்தைத் தருவதால் சுவரில் மாட்டும் ஏசிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை.

இதன் பலவீனமும் அந்த இதழ்களில்தான். ஒவ்வொரு இதழும் கரண்டிக்குழி போல உள்வளைந்தது. அந்த வளைவுதான் காற்றை அள்ளுகிறது. ஃபில்டர் வலையில் சிக்காத நுண்தூசி வளைவின் உட்புறம் படியப் படிய, குழி தூர்ந்து இதழ் தட்டையாகிறது. மோட்டார் முன்பு போலவே நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். சத்தமும் முன்பு போலவே இருக்கும், சில நேரம் கூடுதலாகவே இருக்கும். அள்ளப்படும் காற்று மட்டும் குறைந்துகொண்டே போகும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. வெளியூரிலிருந்து வந்த உறவினர் "என்ன, ஏசி போட்டும் புழுங்குது?" என்று கேட்கும்போதுதான் உறைக்கும்.

அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் நம் வீட்டு வாழ்க்கை முழுவதும் அதில் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தையின் இழைகள், போர்வையின் நூல்துகள், முகத்துக்குப் போடும் பவுடர், உதிரும் தோல். இவை உலர்ந்த தூசி. தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் ஆகியவற்றின் புகைத்துகள்கள் பசைபோல் ஒட்டும் தன்மையுள்ளவை. அவை முதலில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் உலர்தூசியைப் பிடித்துவைக்கின்றன. காயிலிலிருந்து வரும் ஈரம் சேர்ந்தால் பூஞ்சைக்கு எல்லாமே தயார். ஏசி போட்டதும் முதல் சில நிமிடம் அடிக்கும் முடைவாடைக்கு இதுதான் காரணம். சமையலறையை ஒட்டிய அறையில் இருக்கும் ஏசியின் புளோயர் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தூர்ந்துபோவதும் இதனால்தான். சாம்பிராணி போடும் நேரத்தில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவைப்பது நல்ல பழக்கம்.

சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று வாயின் தடுப்பிதழை மெதுவாகத் தாழ்த்தி, ஃபோன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். விரல் விடாதீர்கள். உருளையின் இதழ்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் மெழுகியது போல் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இதைச் சுத்தம் செய்வது மெக்கானிக்கின் வேலை. அவரிடம் "ஜெட் சர்வீஸ் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. காயிலின் முன்பக்கத்துக்கு மட்டும் தண்ணீர் அடித்துவிட்டுப் போவது நடக்கிறது. "புளோயரையும் சுத்தம் பண்ணுங்க, தேவைப்பட்டா கழற்றியே கழுவுங்க" என்று கேளுங்கள். உருளையைக் கழற்றிக் கழுவ அதிக நேரம் ஆகும், கூலியும் கூடும். காற்று திரும்ப வருவதைப் பார்த்தால் அது நியாயமான கூலி என்று தெரியும்.

காயிலும் அடைபடும். அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்க, நடுவில் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய இடைவெளிகள். அவை எப்போதும் ஈரமாக இருப்பதால் தூசி சேறாகிறது. காயில் ஒரே பலகை இல்லை, புளோயரைச் சுற்றி மடங்கி, மேலேயும் பின்னாலும் போகிறது. முன்னால் பளபளவென்று இருந்தாலும் பின்மடிப்பில் கம்பளி விரித்ததுபோல் தூசி படர்ந்திருக்கலாம். நல்ல மெக்கானிக் அங்கே டார்ச் அடித்துப் பார்ப்பார். தண்ணீரின் வேகம் கூடினால் தகடுகள் சாய்ந்து வழியை மூடிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

காற்று குறைவதன் உச்சகட்டம் ஐஸ் கட்டுவது. இரவு பத்து மணிக்கு நன்றாக ஓடிய ஏசி, இரண்டு மணிக்குக் காற்றே இல்லாமல் முனகுகிறது. காலையில் நிறுத்தியதும் தடதடவென்று தண்ணீர் கொட்டுகிறது. இதைக் கேட்டதும் "தண்ணி போற பைப் அடைச்சிருக்கும்" என்று டிரெயின் குழாயை ஊதிவிட்டுப் போவார்கள். குழாய் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே நடந்தது வேறு. காற்று குறைந்ததால் காயிலுக்குப் போதிய வெப்பம் வரவில்லை. உள்ளே ஓடும் கேஸ் ஆவியாவதற்கு வெப்பம் கிடைக்காமல் அதன் அழுத்தமும் வெப்பநிலையும் இறங்குகின்றன. ஐந்து டிகிரியில் இருக்க வேண்டிய காயில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அதன்மேல் வடியும் நீர் உறைகிறது. உறைந்த பனி தகடுகளின் இடைவெளியை அடைக்க, காற்று இன்னும் குறைகிறது. காற்று குறையக் குறையக் காயில் இன்னும் குளிர்கிறது. இப்படித் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது. விடியும்போது காயில் முழுவதும் வெள்ளைப் பாளம்.

காயிலில் ஒட்டியிருக்கும் சிறு சென்சார் இதைத் தடுக்க வேண்டும். பூஜ்யத்தை நெருங்கினால் கம்ப்ரசரை நிறுத்தவோ வேகத்தைக் குறைக்கவோ கட்டளை தர வேண்டும். சர்வீஸின்போது அது இடம் நழுவியிருந்தாலோ பழுதாகியிருந்தாலோ தடுப்பு இல்லை. இதில் நாம் செய்யும் ஒரு காரியம் எரிகிற தீயில் எண்ணெய் வார்க்கிறது. காற்று போதவில்லை என்றதும் ரிமோட்டில் 16 வைக்கிறோம். 16 வைத்தால் வாயிலிருந்து வரும் காற்று கூடுதல் குளிர்ச்சியாகவோ கூடுதல் வேகமாகவோ வந்துவிடாது. அறை அந்த அளவுக்கு இறங்கவே இறங்காததால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், காயிலில் ஐஸ் உருகக் கிடைத்திருக்கும் இடைவெளியும் போய்விடும். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று இந்தியாவில் 2020 முதல் விதியே இருக்கிறது. 24-ல் வைத்து மேலே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுவது உடம்புக்கும் மின்கட்டணத்துக்கும் நல்லது.

ஐஸ் கட்டியிருப்பதைப் பார்த்தால் கத்தியோ ஸ்குரூடிரைவரோ எடுத்துச் சுரண்டாதீர்கள். அந்தக் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. ஒரு கீறல் போதும், அதுவரை நன்றாக இருந்த கேஸ் அப்போதுதான் உண்மையில் போகும். கூலிங்கை நிறுத்தி, 'ஃபேன்' நிலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டால் தானே உருகிவிடும். கீழே ஒரு துணி விரித்துவையுங்கள். உருகிய பிறகு ஃபில்டர், புளோயர், காயில் என்ற வரிசையில் காரணத்தைத் தேடலாம்.

மோட்டார் பக்கம் குறை வருவது இவற்றைவிட அரிது. பழைய வகை ஃபேன் மோட்டாருக்குத் துணையாக இருக்கும் சிறு கெபாசிட்டர் வலுவிழந்தால் புளோயர் மெதுவாகச் சுற்றும். சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். ஆனால் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால் தெரியாதவர்கள் தொடக்கூடாது. கோடை இரவில் தெருவே ஏசி போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினாலும் இந்த மோட்டார்கள் தளரும். குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் காற்று குறைகிறது என்றால் அதைக் கவனியுங்கள்.

சில வீடுகளில் இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. மாட்டிய இடம்தான் தவறு. ஸ்பிளிட் ஏசி காற்றை மேற்பக்கத்திலிருந்து இழுக்கிறது. பரணுக்கு அடியில் ஒட்டி மாட்டினாலோ, அழகுக்காகச் செய்த ஃபால்ஸ் சீலிங்கின் பள்ளத்துக்குள் புதைத்தாலோ, இழுக்கக் காற்றில்லை. அதைவிட மோசம், வாயிலிருந்து வந்த குளிர்காற்றே திரும்ப மேலேறி உள்ளே போய்விடும். அறை குளிர்ந்துவிட்டது என்று சென்சார் ஏமாந்துபோய் வேலையைக் குறைக்கும். மேலே குறைந்தது அரையடி இடம் விடச் சொல்லுங்கள். எதிரே உயரமான பீரோவோ திரைச்சீலையோ வேண்டாம். தடுப்பிதழைக் கீழ்நோக்கித் திருப்பிக் காற்றைக் கட்டிலின்மேல் விழவைப்பதைவிடக் கிடையாக வைப்பது நல்லது. பரப்பை ஒட்டி ஓடும் காற்று அதைவிட்டு விலகாமல் தழுவிச் செல்லும் இயல்புடையது. ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோவாண்டாவின் பெயரால் இதை அழைக்கிறார்கள். கூரையைத் தழுவிப் போகும் குளிர்காற்று அறையின் எதிர்ச்சுவர்வரை சென்று இறங்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஐஸ் கட்டுகிறது என்றால், அப்போது கேஸ் பற்றிப் பேசலாம். கேஸ் குறைந்தாலும் காயிலின் ஒரு பகுதியில் ஐஸ் கட்டும் என்பதால்தான் இரண்டும் குழம்புகின்றன. அவுட்டோர் யூனிட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான ஸ்பிளிட் ஏசிகளில், கேஸ் குறைந்திருந்தால் மெல்லிய குழாயின் மூட்டில் வெண்பனி படியும், தடித்த குழாய் குளிர்ச்சியில்லாமல் காய்ந்திருக்கும். காற்று குறைந்திருந்தால் தடித்த குழாயிலும் பனி படியும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவார்கள். உண்மையிலேயே கேஸ் குறைவு என்றால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் போட்டு, யூனிட்டின் பெயர்ப்பலகையில் அச்சிட்டிருக்கும் எடைக்குத் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். குத்துமதிப்பாக ஏற்றுவது கம்ப்ரசருக்குக் கேடு. இப்போது பரவலாக உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியதும்கூட. வேலை நடக்கும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

சர்வீஸ் முடிந்து மெக்கானிக் கிளம்புவதற்கு முன், அவரை வைத்துக்கொண்டே ஃபேனை அதிகபட்சத்தில் விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, மேலே ஒரு அளவும் வாயில் ஒரு அளவும் எடுங்கள். காற்று அறையின் எதிர்ச்சுவர்வரை வருகிறதா என்று அங்கே நின்று பாருங்கள். தேதியையும் அந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி, முன்மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஃபில்டர் கழுவ மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். அடுத்த சித்திரையில் யாராவது "கேஸ் போயிருக்கும்" என்றால், முதலில் தெர்மாமீட்டரை எடுத்து அந்தச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.